எடைக்குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு ரத்த ரிப்போர்ட் கோளாறா? அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போகும் வழி

“மேடம், ரத்தம் கம்மியா இருக்காம். என்ன சாப்பிடணும்?”

சென்னையில் ஒரு மருத்துவமனையில் டயட்டீஷியனாக இருக்கிறேன். எடைக்குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கான மறுபரிசோதனை ஓ.பி. எங்களுக்கு வியாழக்கிழமை. நான்காக மடித்த ரிப்போர்ட்டை மஞ்சப்பையிலிருந்து எடுத்து நீட்டி, பாதிப் பேர் இந்தக் கேள்வியைத்தான் கேட்பார்கள். மீதிப் பேர் அதுகூடக் கேட்க மாட்டார்கள். வரும் வழியிலேயே மெடிக்கல் ஷாப்பில் ‘ரத்தம் ஊற’ ஒரு டானிக் வாங்கிக் குடித்துவிட்டு வந்திருப்பார்கள்.

இதில்தான் எனக்குச் சண்டை. ரத்தம் குறைந்தால் இரும்பு என்று கண்ணை மூடிக்கொண்டு போகிறோம். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு இரும்பும் குறையலாம், பி12 குறையலாம், ஃபோலிக் அமிலம் குறையலாம், செம்புகூடக் குறையலாம். இரண்டு மூன்று சேர்ந்தே குறைவதும் உண்டு. ஒன்றை மட்டும் கொடுத்தால் இன்னொன்று அதன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அதனால் உடம்பு என்ன சொல்கிறது, காகிதம் என்ன சொல்கிறது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும். ஓ.பி.யில் நான் பார்க்கும் விதத்திலேயே எழுதுகிறேன். மருந்தும் அளவும் உங்கள் டாக்டர் முடிவு செய்ய வேண்டியவை. அவரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொண்டு போனால் அவருக்கும் வேலை சுலபம்.

முதலில் இவற்றை எடுத்து வையுங்கள்

என்ன ஆபரேஷன், எந்த வருடம், எந்த மாதம். டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல் கையில் இருக்கட்டும். “வயித்துல ஆபரேஷன்” என்று மட்டும் சொன்னால் ஒன்றும் விளங்காது. ஸ்லீவ் என்றால் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் பருமனுக்கு ஒரு குழாயை விட்டு வைத்திருப்பார்கள். பைபாஸ் என்றால் இரைப்பையின் மேல்முனையில் சின்னதாக ஒரு பை செய்து, அதைச் சிறுகுடலில் கொஞ்ச தூரம் தள்ளி இணைத்திருப்பார்கள். மினி பைபாஸும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். சாப்பாடு முன்சிறுகுடலைத் தொடாமலே இறங்கிவிடும். இரும்பு முக்கியமாக ஏறுவதோ அந்த முன்சிறுகுடலில். ஸ்லீவில் குடலைத் தொடுவதில்லை என்றாலும் அமிலம் குறைகிறது. அமிலம் குறைந்தால் கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்பு ஏறுவது கஷ்டம்.

பி12 கதை வேறு. இரைப்பைச் சுவர் சுரக்கும் ஒரு புரதம் அதைக் கைபிடித்துக் கூட்டிப்போய்ச் சிறுகுடலின் கடைசியில் விட்டால்தான் அது ரத்தத்தில் சேரும். இரைப்பை சுருங்கியபின் கூட்டிப்போக ஆள் குறைவு. ஆனால் கல்லீரலில் சில வருடங்களுக்கான பி12 இருப்பு உண்டு என்பதால் ஆபரேஷன் ஆன உடனே எதுவும் தெரியாது. எடை இறங்கி, ஜாக்கெட் எல்லாம் பிடித்துத் தைத்து, கல்யாண வீட்டில் “அடையாளமே தெரியலையே!” என்று கேட்டு வாங்கிக்கொண்டு, மறுபரிசோதனைக்கு வருவதை நிறுத்தும் நேரம் பாருங்கள், சரியாக அப்போதுதான் அது தீர ஆரம்பிக்கும். ஃபோலிக் அமிலத்துக்கு இருப்பு சில மாதங்களுக்குத்தான்.

அப்புறம் ரிப்போர்ட்டில் நான்கு வரிகள். ஹீமோகுளோபின்: கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13, இவற்றுக்குக் கீழே போனால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. எம்.சி.வி.: சிவப்பணுவின் சராசரி அளவு, 80 முதல் 100 வரை சரி. ஆர்.டி.டபிள்யூ.: அணுக்கள் எல்லாம் ஒரே அளவா, பெரிசும் சின்னதுமாகக் கலந்திருக்கிறதா என்பதைச் சொல்லும். நான்காவது ஃபெரிட்டின், அதாவது இரும்பின் சேமிப்புக் கணக்கு. இது சி.பி.சி. என்ற வழக்கமான ரத்த அணுக்கள் டெஸ்ட்டில் வராது, தனியாக எழுதித் தர வேண்டும். எழுதித் தரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஐஸ் மெல்லத் தோன்றுகிறது

வேளச்சேரியிலிருந்து வந்தார் ஒரு அக்கா. பைபாஸ் செய்து இரண்டு வருடம். லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி வீடு. இரண்டாவது மாடியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் மேலே போகிறாராம். “சாப்பாட்டுப் பொருள் இல்லாத எதையாவது திங்கணும்னு தோணுதாக்கா?” என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்தில் நின்ற மகள்தான் போட்டுக்கொடுத்தாள். “ஃப்ரீசர்ல ஒரு ஐஸ் மிச்சம் வைக்கிறதில்ல மேடம். தம்பியோட பல்பம் வேற காணாமப் போகுது.”

ஐஸ், பல்பம், பச்சரிசி, விபூதி. யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள், வெட்கம். இரும்புக் குறைவுக்கு இதைவிட, அதிலும் ஐஸ் மெல்வதைவிட, தெளிவான அடையாளம் கிடையாது. முடி உதிர்வது, நகம் குழிவது, ராத்திரி படுத்தால் காலை அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றுவது இவையும் கூட வரலாம்.

ரிப்போர்ட்டில் எம்.சி.வி. 80க்குக் கீழே, ஃபெரிட்டின் 30க்குக் கீழே என்றால் இரும்புதான், சந்தேகமே வேண்டாம். ஃபெரிட்டின் பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் உடம்பில் காய்ச்சலோ சீழோ வீக்கமோ இருக்கிறது என்றால் அந்த எண்ணை நம்பாதீர்கள்; அழற்சி வந்தால் ஃபெரிட்டின் தானாக ஏறும். அப்போது டிரான்ஸ்ஃபெரின் செறிவு, அதாவது ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதைப் பாருங்கள். 20 சதவீதத்துக்குக் கீழே என்றால் இரும்பு போதவில்லை என்றே பொருள்.

சரி, மாத்திரைதான் சாப்பிடுகிறேனே, ஏன் ஏறவில்லை? இங்கேதான் நான் அதிக நேரம் செலவழிப்பேன். மாத்திரையை மாற்றுவதற்கு முன், எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று காலையிலிருந்து வரிசையாகச் சொல்லச் சொல்வேன். அந்த அக்காவின் வரிசை இது: ஆறு மணிக்குத் தைராய்டு மாத்திரை, ஆறேகாலுக்கு ஃபில்டர் காபி, ஒன்பது மணிக்கு இட்லியோடு இரும்பு, கால்சியம், மல்டிவிட்டமின், கேஸ் மாத்திரை எல்லாம் ஒரே உள்ளங்கையில் கொட்டி ஒரே வாயில். முடிந்ததும் இன்னொரு காபி.

கால்சியமும் இரும்பும் ஒரே வாசலில் முட்டிக்கொள்ளும்; இரண்டுக்கும் நடுவே குறைந்தது இரண்டு மணி நேரம் வேண்டும். காபியும் டீயும் இரும்பைக் கட்டிப்போடும். தைராய்டு மாத்திரைக்கும் இரும்புக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் தைராய்டு மாத்திரையும் வீண். கேஸ் மாத்திரை மிச்சமிருக்கும் அமிலத்தையும் அடக்கிவிடும். அதை இன்னும் தொடர வேண்டுமா என்று சர்ஜனைக் கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். புண் வராமல் இருக்கக் கொடுத்திருக்கலாம். குடலில் போய்க் கரையும்படி பூச்சு போட்ட இரும்பு மாத்திரை பைபாஸ்காரர்களுக்கு அவ்வளவாக உதவாது. அது கரையும் இடத்துக்குள் உறிஞ்சும் இடம் தாண்டிப்போயிருக்கும்.

அவருக்கு நான் எழுதிக் கொடுத்தது: ஆறு மணிக்குத் தைராய்டு. காபி ஏழுக்கு. பதினோரு மணிக்கு இரும்பு, எலுமிச்சை ஜூஸோ ஒரு நெல்லிக்காயோ சேர்த்து. மதியச் சாப்பாட்டோடு கால்சியம் ஒன்று, ராத்திரி இன்னொன்று. கால்சியம் சிட்ரேட்டாக இருக்கட்டும், கார்பனேட் கரைய அமிலம் வேண்டும். அமெரிக்க எடைக்குறைப்பு அறுவைசிகிச்சைச் சங்கத்தின் வழிகாட்டுதலில், மாதவிலக்கு வரும் பெண்களுக்கும் பைபாஸ், ஸ்லீவ் செய்தவர்களுக்கும் நாளைக்கு 45 முதல் 60 மில்லிகிராம் இரும்பு என்று இருக்கிறது. குறைவு வராமல் தடுப்பதற்கான அளவு அது. ஏற்கெனவே குறைந்துவிட்டவர்களுக்கு இன்னும் அதிகம் தேவைப்படும்.

“முருங்கைக்கீரை சாப்பிட்டா ஏறிடாதா?” ஏறாது. முருங்கைக்கீரை நல்லது, சாப்பிடுங்கள். ஆனால் அரைக் கப் சாதம் போனாலே நிரம்பும் வயிற்றில், அமிலமும் இல்லாமல், கீரையை வைத்துப் பள்ளத்தை நிரப்ப முடியாது. பீட்ரூட் ஜூஸ் சிவப்பாக இருப்பதாலேயே ரத்தம் ஆகிவிடாது. பேரீச்சம்பழ சிரப்பில் சர்க்கரை அதிகம். பைபாஸ் ஆனவருக்கு ஒரு டம்ளர் குடித்தால் வியர்த்து, படபடத்து, வயிறு கலக்கி உட்கார வைத்துவிடும். அசைவக்காரர்களுக்கு ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் உண்மையாகவே நல்லவை, அதிலிருக்கும் இரும்பு சுலபமாக ஏறும் வகை. சுவரொட்டியை மிளகு போட்டு வதக்கிக் கொடுத்த நம் பாட்டிமார்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு பலருக்கு ஆட்டிறைச்சியே ஒத்துக்கொள்வதில்லை.

ஏறுவது ஒரு பக்கம், கசிவது இன்னொரு பக்கம். மாதவிலக்கில் எத்தனை நாப்கின், கட்டி கட்டியாகப் போகிறதா என்று கேட்டே ஆக வேண்டும். மூலம் இருக்கிறதா? இதையெல்லாம்விட முக்கியமாக, மூட்டு வலிக்கும் முதுகு வலிக்கும் தெருமுனை மெடிக்கலில் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகை வலி மாத்திரை வாங்கிப் போடுகிறீர்களா? பைபாஸ் செய்தவர்களுக்குப் பையும் குடலும் சேரும் இடத்தில் புண் வர அது பெரிய காரணம், சிகரெட்டும்தான். அந்தப் புண் சொட்டுச் சொட்டாக மாதக்கணக்கில் கசியும். இரும்பு மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பது சகஜம்; ஆனால் தார் போலப் பளபளப்பாக, ஒட்டிக்கொண்டு, குப்பென்று நாற்றமடித்தால் அது ரத்தம். அன்றே ஆஸ்பத்திரி. தலைசுற்றலும் சேர்ந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

எல்லாம் ஒழுங்காகச் செய்தும் ஏறவில்லை என்றால் நரம்பு வழியாக இரும்பு ஏற்றலாம். பைபாஸ் ஆனவர்களுக்கு இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆறு மாதம் மாத்திரையால் வயிறு கெட்டு, மலம் கெட்டியாகி, கடைசியில் இங்கேதான் வருகிறார்கள். இரும்பு சுக்ரோஸ் என்றால் பல தடவை வர வேண்டும். ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்றால் ஒரே தடவையில் 500 முதல் 1000 மில்லிகிராம் வரை போகும். ஆனால் அது சிலருக்கு ரத்தத்தில் பாஸ்பரஸைக் குறைத்துவிடும். ஏற்றின பிறகு உடம்பு வலியும் பலவீனமும் கூடினால் பாஸ்பரஸ் பார்க்கச் சொல்லுங்கள். எந்த வழியில் போனாலும் மூன்று நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் ஒன்று, இரண்டாவது ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் கசிவு நிற்கவில்லை, இல்லை நோயே வேறு.

வேறு என்பதற்கு ஒரு உதாரணம். எம்.சி.வி. 68 என்று மிகவும் கீழே இருக்கிறது, ஆனால் சிவப்பணு எண்ணிக்கை 55 லட்சத்துக்கு மேல், ஃபெரிட்டினும் சரியாக இருக்கிறது. இவர் ஆபரேஷனால் இப்படி ஆனவராக இல்லாமல், பிறவியிலேயே தலசீமியா கூறு (சிவப்பணு சிறுத்தே இருக்கும் பரம்பரைத் தன்மை) உள்ளவராக இருக்கலாம். ஆபரேஷனுக்கு முந்தைய பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுங்கள், அதிலும் அதே 68 இருக்கும். அவருக்கு இரும்பைக் கொட்டிப் பயனில்லை. ஹீமோகுளோபின் ஏ2 பார்த்தால் தெரிந்துவிடும்.

ஹீமோகுளோபின் குறைவு, ஆனால் எம்.சி.வி. நார்மல்

‘எம்.சி.வி. 88, அணு அளவு சரியாக இருக்கிறது’ என்று விட்டுவிடாதீர்கள். இரும்பு குறைந்தால் அணு சிறுக்கும், பி12 குறைந்தால் பெருக்கும். இரண்டும் குறைந்தால் சராசரி நடுவில் வந்து நல்லபிள்ளையாக உட்கார்ந்துகொள்ளும். ஆர்.டி.டபிள்யூ. மட்டும் எகிறியிருக்கும், அதுதான் காட்டிக்கொடுக்கும். இவர்களுக்கு ஃபெரிட்டின், பி12, ஃபோலேட் மூன்றும் சேர்த்துப் பாருங்கள். இரும்பு மட்டும் கொடுத்தால் இரண்டு மாதத்தில் எம்.சி.வி. 104க்குப் போய் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

பாதம் மரத்துப்போகிறது, கண்ணை மூடினால் தள்ளாடுகிறது

மாம்பலத்திலிருந்து ஒரு மாமா. சுத்த சைவம், முட்டைகூட இல்லை. ஸ்லீவ் செய்து மூன்றரை வருடம். அதற்கு முன்பிருந்தே சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். கோயிலில் பிரதட்சிணம் வந்தால் கால் தரையில் படுகிறதா என்றே தெரியவில்லை, பஞ்சு மேலே நடக்கிற மாதிரி இருக்கிறது என்றார். வீட்டில் ஒருநாள் ஒற்றைச் செருப்போடு உள்ளே வந்திருக்கிறார், இன்னொன்று வழியில் கழன்றது தெரியவில்லை. சர்க்கரையால் வந்த நரம்புக் கோளாறு என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

நான் கேட்டது: “காலம்பற முகம் கழுவறச்சே கண்ணை மூடிண்டா எப்படி இருக்கு மாமா?” வாஷ்பேசினைப் பிடித்துக்கொள்ளாமல் நிற்க முடியாது என்றார். கால் எங்கே இருக்கிறது என்ற செய்தி தண்டுவடம் வழியாக மூளைக்குப் போகாதபோது கண்தான் ஈடுகட்டுகிறது. கண்ணையும் மூடினால் ஆள் சாய்கிறார். பி12 குறைவை நினைக்க வைக்கும் அடையாளம் இது. நாக்கு வழவழவென்று சிவந்து எரிவது, மறதி, எரிச்சல் இவையும் சேரலாம்.

சைவ உணவு, இரைப்பை ஆபரேஷன், மெட்ஃபார்மின், கேஸ் மாத்திரை என பி12ஐக் குறைக்கும் காரணம் ஒவ்வொன்றாக எண்ணினால் அவருக்கு நான்கும் இருந்தன. எம்.சி.வி. 100ஐத் தாண்டவே இல்லை. இதை நினைவில் வையுங்கள்: ரத்தம் முழுக்க நார்மலாக இருக்கும்போதே நரம்பு கெட்டுப்போகலாம். பி12 200க்குக் கீழே என்றால் குறைவு. 200க்கும் 400க்கும் நடுவில் என்றால் தீர்மானமாகச் சொல்ல முடியாது. பி12 குறைந்தால் ரத்தத்தில் ஏறும் ஹோமோசிஸ்டீன், மெத்தில்மலோனிக் அமிலம் பார்த்தால் தெளிவாகும். ஊசி போட்டுக்கொண்டு மறுநாள் போய் டெஸ்ட் எடுக்காதீர்கள், எண் வானத்தில் இருக்கும். எடுத்துவிட்டு ஊசி போடுங்கள்.

இங்கே ஒரு பொறி உண்டு. ஃபோலிக் அமிலத்தை மட்டும் அதிக அளவில் கொடுத்தால் பி12 குறைவால் வந்த ரத்தசோகைகூடச் சரியாகிவிடும். ரிப்போர்ட் அழகாகிவிடும், நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போகும். பெரும்பாலான ‘ரத்தம் ஊறும்’ டானிக்குகளில் ஃபோலிக் அமிலம் உண்டு என்பதால்தான் ஆரம்பத்திலேயே டானிக்கைத் திட்டினேன்.

ஃபோலிக் அமிலம் என்றதும் நம்ம ஊர்க்காரர் ஒருவரைச் சொல்லாமல் விட மனமில்லை. மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ். கதர் உடுத்தியது பேராசிரியருக்குப் பிடிக்காமல்போய் எம்.பி.பி.எஸ். கிடைக்காமல், அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தவர். சத்து உறிஞ்ச முடியாமல் உடம்பு உருகும் குடல் நோயில் சகோதரர்களைப் பறிகொடுத்தவர். அமெரிக்கா போய், அங்கே அவருடைய குழுதான் 1945-இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. குடல் உறிஞ்சாததால் வரும் ரத்தசோகைக்கு அவர் தேடிய மருந்தை, அதே காலேஜ் இருக்கும் ஊரில், கண்டபடி விழுங்கிக்கொண்டிருக்கிறோம்.

பி12 நாளைக்கு 350 முதல் 1000 மைக்ரோகிராம் வாய்வழி, அல்லது மாதம் ஒருமுறை 1000 மைக்ரோகிராம் ஊசி. தடுப்புக்கு இதுதான் வழக்கமான அளவு. நரம்பு ஏற்கெனவே பாதித்திருந்தால் அடுத்தடுத்து ஊசிகள் வேண்டும், அதை டாக்டர் திட்டமிடுவார். ‘நரம்பு ஊசி’ என்று கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தக் கலவைகளில் பி6-ம் இருக்கும். பி6 அளவு மீறினால் அதுவே கால் மரத்துப்போகச் செய்யும்.

அந்த மாமாவுக்கு ஊசி ஆரம்பித்து நான்கு மாதத்தில் நடை தேறியது. விரல் நுனி மரப்பு மட்டும் முழுசாகப் போகவில்லை.

பி12 போட்டும் சரியாகவில்லை, வெள்ளணுவும் குறைகிறது

என் மேஜைக்கு வந்தவற்றில் என்னை அதிகம் பயமுறுத்திய ரிப்போர்ட் இந்த வகை. பெரம்பூர்ப் பெண், முப்பத்தைந்து வயதுக்குள். பைபாஸ் செய்து நான்கு வருடம். ஹீமோகுளோபின் 8.6. மொத்த வெள்ளணு 2,300, அதில் கிருமியோடு சண்டை போடும் நியூட்ரோஃபில் 700தான். பிளேட்லெட் மட்டும் சரியாக இருந்தது. நடை தள்ளாட்டம். பி12 நார்மல், இரும்பு ஏற்றியாகிவிட்டது. மஜ்ஜைப் பரிசோதனை வரை போய், ரத்தப் புற்றுநோய்க்கு முந்தைய நிலையாக இருக்கலாம் என்று யாரோ சொல்ல, வீட்டில் நகையை அடகு வைக்கப் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

நான் வழக்கம்போல மாத்திரைப் பையைக் கொட்டச் சொன்னேன். மேஜையில் உருண்டது ஒரு ஜிங்க் டப்பா, ஒரு மாத்திரை 50 மில்லிகிராம். “முடி கொட்டுச்சுன்னு பார்லர் அக்கா சொன்னாங்க. காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு.” எத்தனை நாளாக? “ரெண்டு வருஷமா.”

ஜிங்க் அதிகமானால் குடல் செல்களில் ஒரு புரதம் பெருகும். அது ஜிங்கைவிடச் செம்பைத்தான் இறுக்கிப் பிடிக்கும். பிடித்த செம்போடு அந்தச் செல் உதிர்ந்து மலத்தில் போய்விடும். செம்பு உறிஞ்சும் இடத்தை ஏற்கெனவே பைபாஸ் தாண்டிவிட்டது, மிச்சம் மீதியையும் ஜிங்க் துடைத்துவிட்டது. செம்பு இல்லாவிட்டால் ரத்தசோகை வரும், நியூட்ரோஃபில் குறையும், பி12 குறைவைப் போலவே தண்டுவடம் பாதிக்கும். மஜ்ஜையை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் புற்றுநோய்க்கு முந்தைய நிலை போலவே தோன்றும். ரத்தத்தில் செம்பும், அதைச் சுமக்கும் புரதமான செருலோபிளாஸ்மினும் பார்த்தார்கள். இரண்டும் தரையில் கிடந்தன. ஜிங்கை நிறுத்தி, டாக்டர் செம்பு கொடுத்தார். இரண்டு மாதத்தில் அணுக்கள் எல்லாம் ஏறிவிட்டன. நடை பாதிதான் தேறியது. இரும்பும் பி12-மாக அலைந்த மாதங்களுக்குக் கொடுத்த விலை அது.

ஆபரேஷனுக்குப் பிறகு மூன்றாவது, நான்காவது மாதம் முடி கொட்டும். உடம்பு சட்டென்று இளைத்ததன் அதிர்ச்சி அது. புரதம் ஒழுங்காகச் சாப்பிட்டால் ஓராண்டுக்குள் தானாக நிற்கும். ஜிங்க் தேவைப்பட்டால் ஒரு மில்லிகிராம் செம்புக்கு 8 முதல் 15 மில்லிகிராம் ஜிங்க் என்ற விகிதத்தில் இருக்கட்டும். செம்பு ஸ்லீவுக்கு நாளைக்கு ஒன்று, பைபாஸுக்கு இரண்டு மில்லிகிராம். உங்கள் மல்டிவிட்டமின் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், பலவற்றில் செம்பு என்ற வரியே இருக்காது. செம்புக் குடத்துத் தண்ணீர் குடித்தால் போதாதா என்பார்கள். குடியுங்கள், ஆனால் அதில் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து சொல்ல முடியாத ஒன்றை மருந்தாக எண்ண வேண்டாம்.

வெள்ளணு கொஞ்சம் குறைந்ததற்கெல்லாம் பயப்படவும் வேண்டாம். பருமனாக இருக்கும்போது உடம்பில் மெல்லிய அழற்சி இருந்துகொண்டே இருக்கும், வெள்ளணுவும் பிளேட்லெட்டும் சற்று மேலேயே நிற்கும். எடை இறங்கினால் 9,500 இருந்தது 6,000 ஆவது இயல்பு. நியூட்ரோஃபில் 1,500க்குக் கீழே போனால்தான் நான் நிமிர்ந்து உட்காருவேன்.

மழைக்காலக் காய்ச்சல், பிளேட்லெட் இறக்கம்

ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் காய்ச்சலும் பிளேட்லெட் குறைவும் சேர்ந்து வந்தால் ஆபரேஷனை மறந்துவிட்டு முதலில் டெங்குவை நினையுங்கள். முதல் ஐந்து நாளுக்குள் என்.எஸ்.1 டெஸ்ட், தினமும் சி.பி.சி. பிளேட்லெட்டை மட்டும் பார்க்காமல் பி.சி.வி.யையும் (ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு எத்தனை சதவீதம் என்ற எண்) பாருங்கள், பிளேட்லெட் இறங்க இறங்க பி.சி.வி. ஏறினால் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிறது, அதுதான் ஆபத்து. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும்.

உங்களுக்கென்று தனியாகச் சில சிக்கல்கள். “நிறைய தண்ணி குடிங்க” என்பார்கள், உங்கள் வயிறோ ஒரு டம்ளரை ஒரே மூச்சில் வாங்காது. பத்து நிமிடத்துக்கு இரண்டு மடக்கு என்று நாள் முழுக்க, கஞ்சித் தண்ணீர், உப்புச் சர்க்கரைக் கரைசல். அதுவும் தங்காமல் வாந்தி என்றால் வீட்டில் இருக்காதீர்கள். பப்பாளி இலைச் சாறு குடித்து அதனாலேயே இன்னும் வாந்தி எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். டிரிப் போட வரும் டியூட்டி டாக்டரிடம் “எனக்கு பைபாஸ் ஆகியிருக்கு, நாலு நாளா வாந்தி” என்று சொல்லியே ஆக வேண்டும். பி1, அதாவது தயமின் சத்து தீர்ந்துபோன உடம்பில் அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளையே பாதிக்கலாம். முதலில் தயமின், அப்புறம் குளுக்கோஸ்.

ஆபரேஷன் ஆன முதல் சில வாரங்கள்

ஹீமோகுளோபின் ஆபரேஷனுக்கு முன் 12.8, மூன்றாவது வாரம் 14.6. ரத்தம் ஊறிவிட்டதென்று சந்தோஷப்பட வேண்டாம். தண்ணீர் போதாமல் ரத்தம் கெட்டியாகியிருக்கும். கத்திரி வெயிலில் இது சர்வசாதாரணம். சிறுநீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் போனால் விடை கிடைத்துவிட்டது. தண்ணீர் ஏறியபின் எடுத்தால்தான் உண்மையான எண் தெரியும், சில சமயம் 11.9 என்று.

வெள்ளணு முதல் சில நாள் ஏறியிருப்பது இயல்பு. ஆனால் இறங்காமல் ஏறிக்கொண்டே போகிறது, நாடித் துடிப்பு சும்மா படுத்திருக்கும்போதே 120, காய்ச்சல், இடது தோளில் வலி, மூச்சுத் திணறல் என்றால் தையல் கசிவாக இருக்கலாம். வாட்ஸ்ஆப்பில் ரிப்போர்ட் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் வேலை இல்லை இது. உடனே கிளம்புங்கள், ஆபரேஷன் செய்த இடத்துக்கே.

பிளேட்லெட் 5 லட்சம், 6 லட்சம் என்று ஏறினால் முதல் மாதத்தில் பெரும்பாலும் ஆபரேஷனின் எதிரொலி. வருடங்கள் கழித்து ஏறினால் ஃபெரிட்டினைப் பாருங்கள். இரும்பு குறைந்தாலும் பிளேட்லெட் ஏறும்.

ரிப்போர்ட்டே ஏமாற்றும்போது

முடிக்காகச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை, அதுவும் 10 மில்லிகிராம் வகை, சில லேப் இயந்திரங்களைக் குழப்பிவிடும். ஃபெரிட்டினைக் குறைத்தும் பி12-ஐக் கூட்டியும் காட்டலாம், தைராய்டு எண்ணையும் கலைக்கலாம். டெஸ்ட்டுக்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டு, லேபிலும் சொல்லிவிடுங்கள்.

சர்க்கரை மாத்திரையையே நிறுத்தும் அளவுக்குத் தேறிய ஒருவருக்கு, மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ1சி திடீரென்று 6.6. வீட்டில் எடுத்த சர்க்கரை அளவெல்லாம் சரியாகவே இருந்தது. ஃபெரிட்டின் 6. இரும்பு குறைந்தால் ஏ1சி பொய்யாக ஏறும். இரும்பு ஏற்றி மூன்று மாதம் கழித்து எடுத்தபோது 5.7. நடுவில் மனைவி சாதத்தை நிறுத்தியிருந்தார் பாவம்.

இன்னொருவருக்குக் காய்ச்சல் இல்லை, நீலத் தழும்பு இல்லை, ஈறில் ரத்தம் இல்லை. ஆனால் பிளேட்லெட் 62 ஆயிரம். திருவான்மியூரிலிருந்து மகனோடு, அட்மிஷனுக்கே தயாராக ஒரு பெரிய பையோடு வந்துவிட்டார். ஊதா மூடிக் குழாயில் இருக்கும் ரசாயனத்தில் சிலருடைய பிளேட்லெட் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இயந்திரம் கொத்தை ஒன்றாக எண்ணிவிடும். நீல மூடிக் குழாயில் எடுத்துப் பார்க்கச் சொன்னார் டாக்டர். நாற்பது நிமிடம் கழித்து வந்தது: 2 லட்சத்து 38 ஆயிரம். அவர் பையைத் திறந்து, துண்டுக்கும் சோப்புக்கும் அடியிலிருந்து ஃப்ளாஸ்கை எடுத்து, ஓ.பி. பெஞ்சிலேயே உட்கார்ந்து ரசத்தை மடக்கு மடக்காகக் குடித்துவிட்டுப் போனார்.